மோட்டார் நின்றாலும் மின்னோட்டம் நிற்பதில்லை: வீட்டுச் செதுக்கு இயந்திரத்தின் டிரைவரைக் காப்பது எப்படி?



மரப்பலகையில் எழுத்தும் கோலமும் செதுக்கும் சிறிய சிஎன்சி இயந்திரம் இப்போது வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. 300க்கு 180 மில்லிமீட்டர் பரப்பில் வேலை செய்யும் ‘3018’ வகை இயந்திரம் இருந்தால் போதும். பெயர்ப் பலகை, சாவிக்கொத்து, சின்னச் சின்ன அலங்காரப் பொருள் எல்லாம் செய்யலாம். கியா பார்ம் சந்தைக்கு வரும் சுற்றுப்பயணிகள் ஸ்ட்ராபெரியோடு சேர்த்து வாங்கிப் போகக்கூடிய பொருள்கள்தாம் இவை. படிவம் 3 ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ செயல்திட்டத்துக்கும் இது கைகொடுக்கும்.

இந்த இயந்திரத்தில் கத்தி முறிந்தால் புதியதை மாட்டிவிடலாம். மோட்டார் சுலபத்தில் கெடாது. ஆளை அழவைப்பது, மோட்டாரை இயக்கும் ‘டிரைவர்’ என்ற சின்ன மின்பலகைதான். அதன் விலை சில ரிங்கிட்தான். ஆனால் அது புகைந்தால் சில வேளை முதன்மைப் பலகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மாற்றுப் பலகை அஞ்சலில் மலையேறி வரும்வரை வேலை நிற்கும். அது தீபாவளிக்கு முந்திய வாரமாகவோ செயல்திட்டம் ஒப்படைக்கும் வாரமாகவோ இருந்தால், போன நாள்கள் திரும்பி வரா.

டிரைவர் கெடுவதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றுள் முக்கியமான பலவற்றை ஒரே விதி விளக்கிவிடும்: சுருளுக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றலுக்குப் போக்கிடம் வேண்டும், வழியை டக்கென்று அடைத்தால் அது உடைத்துக்கொண்டு போகும். படிவம் 5 இயற்பியலில் மின்காந்தவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான். அதை மேசைமேல் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

1. இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

கணினி அனுப்பும் கட்டளையை முதலில் வாங்குவது ஆர்டுயினோ போன்ற ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவானது. அதில் ஓடும் ‘ஜிஆர்பிஎல்’ என்ற இலவச மென்பொருளை 2009இல் நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதி வெளியிட்டார். வீட்டுச் செதுக்கு இயந்திரங்கள் இவ்வளவு மலிவானதற்கு இந்த இரண்டும் பெரிய காரணம்.

கட்டுப்பாட்டுப் பலகை தருவது வெறும் சைகைதான். மோட்டாருக்கு வேண்டிய பலமான மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. அந்த வேலையை டிரைவர் செய்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஏ4988 வகை டிரைவர் 8 முதல் 35 வோல்ட் வரையிலான மின்வழங்கலில் வேலை செய்யும். 35 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மோட்டார் ஸ்டெப்பர் வகை, அதாவது படிப்படியாகச் சுழல்வது. ஒரு படிக்கு 1.8 பாகை; முழுச் சுற்றுக்கு 200 படி. அதற்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. மின்விசிறி நின்றால் அதில் மின்னோட்டம் இல்லை என்று பொருள். ஸ்டெப்பர் மோட்டார் அப்படி இல்லை. கத்தி நகராமல் இருக்க அச்சை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே! அந்தப் பிடிப்புக்காக, மோட்டார் அசையாமல் நிற்கும்போதும் சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கலாம். “மெஷின் சும்மாதானே நிக்குது” என்று ஒயரைக் கழற்றும்போதுதான் ஆபத்து.

2. குழாயும் சுருளும்

நம் மலையில் காய்கறித் தோட்டங்களுக்கு மேட்டிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. வேகமாக ஓடும் தண்ணீரை வால்வைத் திருகி ஒரே மூச்சில் நிறுத்திப் பாருங்கள். குழாய் ‘டம்’ என்று அதிரும். பழைய இணைப்பாக இருந்தால் பிய்த்துக்கொள்ளும். ஓடுகிற தண்ணீருக்கு உந்தம் இருப்பதே காரணம்.

சுருளில் ஓடும் மின்னோட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மின்னோட்டம் சுருளைச் சுற்றி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி, அதில் ஆற்றலைச் சேமிக்கிறது. மின்னோட்டத்தைத் துண்டித்தால் அந்தப் புலம் சரிகிறது. மாறும் காந்தப் புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. தூண்டப்படும் மின்னழுத்தம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் இருக்கும் என்பது 1834இல் லென்ஸ் சொன்ன விதி. இரண்டையும் சேர்த்தால், துண்டிக்கப்பட்ட சுருள் “என் ஓட்டத்தை நிறுத்தாதே” என்று மின்னழுத்தத்தை உயர்த்துகிறது என்று பொருள்.

எவ்வளவு உயரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தூண்டப்படும் மின்னழுத்தம் = மின்தூண்டம் × (மின்னோட்ட மாற்றம் ÷ எடுத்துக்கொண்ட நேரம்)

சுருளின் மின்தூண்டம் 3 மில்லிஹென்றி, ஓடும் மின்னோட்டம் 1.5 ஆம்பியர், ஒயர் பிரிய ஆகும் நேரம் 10 மைக்ரோவினாடி என்று வைத்துக்கொள்வோம். 0.003 × 1.5 ÷ 0.00001 = 450 வோல்ட். டிரைவர் தாங்குவதோ 35 வோல்ட். நடைமுறையில் ஒயர் முனையில் தீப்பொறி பறந்து இந்த அழுத்தத்தில் ஒரு பகுதி வீணாகும். ஆனாலும் மீதி வருவது மெல்லிய சிலிக்கான் அடுக்கைத் துளைக்கப் போதும்.

எனவே முதல் கட்டளை: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது.

மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டீச்சர், ஆஃப் பண்ணிட்டுத்தானே கழட்டினோம், அப்புறமும் ஏன் போச்சு?” சுவிட்சை அணைத்த பிறகும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் கொஞ்ச நேரம் தங்கும். பலகையின் விளக்கு மங்கி அணைவதைப் பார்த்தால் இது புரியும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விளக்கு முழுதும் அணைந்து, இன்னும் ஒரு நிமிடம் போன பிறகே கை வைக்கவும்.

இதே விதியின் இன்னொரு முகம், தளர்ந்த இணைப்பு. அதிர்ச்சியில் திருகு தளர்ந்தால் ஒயர் தொட்டும் விட்டும் நிற்கும். ஒவ்வொரு முறை விடும்போதும் ஒரு மின்னழுத்த அடி விழும். மோட்டார் சுழலாமல் ‘கொர்ர்’ என்று உறுமினால் இரு சுருள்களில் ஒன்று இணைப்பில் இல்லை என்று சந்தேகப்படலாம். அப்போது ஒயரை ஆட்டிப் பார்க்கத்தான் கை போகும். ஆட்டாதீர்கள். முதலில் அணையுங்கள், பிறகு திருகை இறுக்குங்கள்.

எந்த இரண்டு ஒயர் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்று தெரியாவிட்டால் அளவி வேண்டியதில்லை. மோட்டாரைத் தனியாகக் கழற்றி, இரண்டு ஒயர்களின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைச் சுழற்றுங்கள். சுழற்றக் கடினமானால் அவை ஒரே சுருள். லென்ஸ் விதியைக் கைவிரலால் உணர இதைவிட எளிய சோதனை இல்லை.

3. கையால் தள்ளினாலும் மின்சாரம் வரும்

இயந்திரம் அணைந்திருக்கும்போது தட்டைக் கையால் வேகமாகத் தள்ளுங்கள். பிளக் சுவரில் இல்லாவிட்டாலும் பலகையின் விளக்கு மினுக்குவதைப் பல இயந்திரங்களில் பார்க்கலாம். மோட்டார் மின்னாக்கியாக மாறிவிட்டது!

ரிங்லெட் ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, ஜோரில் உள்ள சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. 1963 முதல் அங்கே நடப்பதும் இதே ஃபாரடே விதிதான். வேறுபாடு அளவில் மட்டுமே.

ஆனால் நம் டிரைவர் மின்சாரத்தை மோட்டாருக்குத் தருவதற்காகச் செய்யப்பட்டது. மோட்டாரிடமிருந்து வருவதை வாங்கிக்கொள்வதற்கு அல்ல. ஆகவே தட்டை நகர்த்த வேண்டுமானால் மென்பொருளின் நகர்த்தும் பொத்தானைப் பயன்படுத்துங்கள். கையால்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாகத் திருகுங்கள். சின்னப் பிள்ளைகள் கார் ஓட்டுவதுபோல் தள்ளி விளையாட விடாதீர்கள்.

4. மின்சாரம் கொடுக்கும் நொடி

மின்வழங்கிக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள நீண்ட ஒயருக்கும் சிறிது மின்தூண்டம் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 24 வோல்ட் மின்வழங்கியின் பிளக்கைப் பலகையில் நேராகச் செருகினால், மின்னழுத்தம் 24இல் நிற்காமல் ஒரு கணம் மேலே தாவும். அந்தத் தாவல் கொள்கையளவில் இரட்டிப்பு வரை, அதாவது 48 வோல்ட் வரை போகக்கூடும். மறுபடியும் அந்த 35ஐ நினைத்துப் பாருங்கள்.

தீர்வு இரண்டு. ஒன்று, 24 வோல்ட் பக்கத்தை முதலில் மாட்டிவிட்டு, சுவர் சுவிட்சைக் கடைசியாகப் போடுவது. இரண்டு, ஒவ்வொரு டிரைவருக்கும் அருகில் 100 மைக்ரோஃபாரட் மின்பகு மின்தேக்கி ஒன்றைப் பொருத்துவது. பல பலகைகளில் அது ஏற்கெனவே இருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள். 24 வோல்ட் மின்வழங்கலுக்கு 50 வோல்ட் தாங்கும் மின்தேக்கி பொருத்தமானது. நேர், எதிர் முனைகளை மாற்றிப் போட்டால் அது வெடிக்கும்.

டிரைவர் பலகையையே திருப்பிச் செருகிவிடுவதும் உண்டு. மின்சாரம் கொடுத்த அந்த நொடியே கதை முடிந்தது. பலகையில் அச்சிட்ட எழுத்துகளைப் பார்த்து, இன்னொருவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

5. சூடு

டிரைவரின் மேல் உள்ள சின்னத் திருகு, மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தின் எல்லையை நிர்ணயிக்கிறது. ஏ4988 வகைக்குக் கணக்கு இது:

திருகில் அளக்கும் மின்னழுத்தம் = 8 × மின்னோட்ட எல்லை × உணர்தடை

உணர்தடை 0.1 ஓம், வேண்டிய எல்லை 1 ஆம்பியர் என்றால் 0.8 வோல்ட். ஆனால் சில பலகைகளில் உணர்தடை 0.05 ஓம். அதிலும் 0.8 வோல்ட் வைத்தால் எல்லை 2 ஆம்பியராகிவிடும். யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைக்காமல், உங்கள் பலகையில் உள்ள தடையின் மதிப்பைப் படித்த பிறகு கணக்குப் போடுங்கள். அளக்கும்போது மின்சாரம் இருக்கும். அளவியின் முனை பக்கத்துக் காலைத் தொட்டுவிடக் கூடாது. திருகைத் திருப்பும்போது அணைத்துவிடுவது நல்லது.

வெப்பத் தகடும் சிறு விசிறியும் இல்லாமல் இந்த டிரைவரைச் சுமார் 1 ஆம்பியருக்கு மேல் ஓட்ட வேண்டாம். “நம்ம ஊர் குளிர்தானே, விசிறி எதுக்கு?” என்று நினைக்கலாம். அறை குளிராக இருந்தாலும் மூடிய பெட்டிக்குள் காற்று நகராவிட்டால் சில்லு சூடாகத்தான் செய்யும்.

6. செதுக்கும் மோட்டார் தனி ரகம்

கத்தியைச் சுழற்றும் மோட்டாரில் கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் நுண்ணிய தீப்பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு சிறிய துண்டிப்பு. ஆகவே ஒவ்வொன்றும் ஒரு மின்னழுத்தத் தாவல். இதன் முனைகளுக்குக் குறுக்கே ஓர் இருமுனையத்தை எதிர்த்திசையில் இணைத்தால், சுருளின் ஆற்றல் அதன் வழியே சுற்றிவந்து அடங்கும். நான் சொன்ன ‘போக்கிடம்’ இதுதான். மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்கும் இருமுனையமாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த மோட்டாரின் ஒயரை டிரைவர் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனிவழியில் கொண்டுபோக வேண்டும்.

7. மூடுபனியும் மரத்தூளும்

கியா பார்ம் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி நமக்குப் புதிதல்ல. இரவில் குளிர்ந்துபோன பலகைமேல் காலையில் ஈரமான, வெதுவெதுப்பான காற்று பட்டால், கண்ணாடியில் படிவதுபோல் நீர்த்துளி படியும். அதோடு மரத்தூள் சேர்ந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு பசை உருவாகிறது. அருகருகே உள்ள கால்களுக்கு இடையில் மின்சாரம் கசியவும், செம்பு அரிக்கவும் அது போதும்.

- கட்டுப்பாட்டுப் பலகையைத் தூள் புகாத பெட்டியில் வையுங்கள். விசிறி இருந்தால் காற்று உள்ளே வரும் வழியில் வடிகட்டித் துணி வேண்டும்.
- வேலை முடிந்ததும் துணியால் மூடி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஈரம் ஏறியதும் அதை மாற்ற வேண்டும்.
- குளிர்ந்த கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே சுவிட்ச் போடாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.
- தூளை வாயால் ஊதாதீர்கள். மூச்சிலும் ஈரம் உண்டு. மெல்லிய தூரிகை போதும்.

8. சுவருக்குப் பின்னால் இருப்பது

இதுவரை சொன்னது பொருளைக் காப்பது. இனி உயிரைக் காப்பது.

மலேசியா இடிமின்னல் மிக அதிகமான நாடுகளில் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னல் நம் வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்துக் கம்பியில் விழுந்தாலே மின்னழுத்த அலை வீட்டுக்குள் வரும். அலைத்தடுப்பான் உள்ள நீட்டிப்புப் பலகை சின்ன அலைகளைத் தாங்கும். நேரடி மின்னலை எதுவும் தாங்காது. வானம் இருண்டால் வேலையை நிறுத்தி, பிளக்கையும் கணினிக்குப் போகும் ஒயரையும் பிடுங்கிவிடுவதே மலிவான பாதுகாப்பு. இடி தொடங்கிய பிறகு ஒயரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மின்சாரம் துண்டிக்கப்பட்டால் உடனே எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். தனி சுவிட்ச் உள்ள செதுக்கும் மோட்டார், மின்சாரம் திரும்பிய நொடியே தானாகச் சுழலத் தொடங்கும். அந்த நேரம் விரல் கத்தியருகில் இருந்தால்?

மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு 230 × 1.414, ஏறக்குறைய 325 வோல்ட். உள்ளே உள்ள மின்தேக்கி அந்த அளவுக்கு மின்னூட்டம் பெற்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் வைத்திருக்கும். மூன்று முள் பிளக்கின் நிலமுனை வேலை செய்ய வேண்டும். இரண்டு முள் மாற்றியில் செருகி ஓட்ட வேண்டாம். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவுத் துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது ‘டக்’கென்று விழாவிட்டால், சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அது மாணவர்கள் கை வைக்கும் வேலை அல்ல. பெரியவர்களும் தாங்களே முயல வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு நிமிடம்

1. திருகுகளும் ஒயர்களும் இறுக்கமா?
2. டிரைவர் சரியான திசையில் உள்ளதா?
3. பலகையில் ஈரம், தூள் இல்லையா?
4. விசிறி சுழல்கிறதா?
5. எல்லா ஒயரும் மாட்டிய பிறகு, சுவர் சுவிட்ச் கடைசியாகவா?

நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: சுவர் சுவிட்ச் முதலில், ஒயர் கடைசியில். இந்தத் தாளை அச்சிட்டு இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

கலைச்சொற்கள்

மின்தூண்டம்: மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் சுருளின் பண்பு
மின்தேக்கி: மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு
மின்பகு மின்தேக்கி: நேர், எதிர் முனை பார்த்து இணைக்க வேண்டிய மின்தேக்கி வகை
இருமுனையம்: மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு, பேச்சில் ‘டயோடு’
உணர்தடை: மின்னோட்டத்தை அளந்தறிய உதவும் சிறிய மின்தடை
மின்கசிவுத் துண்டிப்பான்: மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி

பயிற்சி

1. மின்தூண்டம் 2 மில்லிஹென்றி உள்ள சுருளில் 1 ஆம்பியர் மின்னோட்டம் 20 மைக்ரோவினாடியில் நின்றால் தூண்டப்படும் மின்னழுத்தம் என்ன? (விடை: 100 வோல்ட்)
2. மோட்டார் ஒயர்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் தண்டு சுழலக் கடினமாவது ஏன்? லென்ஸ் விதியைக் கொண்டு விளக்குக.
3. உணர்தடை 0.05 ஓம் உள்ள ஏ4988 டிரைவரில் 1 ஆம்பியர் எல்லை வைக்க, திருகில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும்? (விடை: 0.4 வோல்ட்)
4. ‘வீட்டில் மின்கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் வழிகள்’ என்னும் தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதுக. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வழியைச் சொல்லி, அதன் காரணத்தையும் எழுத வேண்டும். ‘செய்யாதே’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது அறிவிப்பு. ஏன் என்று சொன்னால்தான் விளக்கம்.